சுவற்றில் சாயாதீர்கள்

விரலால் தேய்த்ததில் ‘ற்’ போகவில்லை. அதன் தலைமேல் இருந்த புள்ளி மட்டும்தான் போயிற்று.

பிழையார் ஓரடி பின்வாங்கி நின்று பார்த்தார். சற்று முன்புவரை சுவரில் இருந்த வாசகம், ‘இந்தச் சுவற்றில் சாயாதீர்கள்’. அதில் இருந்தது ஒரு பிழைதான். இப்போது அது ‘சுவறறில்’ என்று ஆகி, வாசித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தது. விரல் நுனியில் கறுப்புப் பெயின்ட். காயவே இல்லை.

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். மனைவியும் மைத்துனனும் அடுத்த தெருவுக்குத் திரும்பியிருந்தார்கள். அங்கேயுள்ள சுவர்களை எல்லாம் படம் எடுத்து முடிக்க எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் இந்த ஒரு எழுத்தைச் சரிசெய்துவிட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிடலாம்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முப்பது வருடமாக ஒரு பதிப்பகத்தில் வேலை. புத்தகம் அச்சுக்குப் போகும் முன் அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பார். அங்கே யாரோ ஒருவர் ‘பிழையார்’ என்று பெயர் வைக்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. “சேர்த்து எழுதினா நான், பிரிச்சு எழுதினா கேள்வி” என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார். கூடச் சேர்ந்து யாரும் சிரித்ததில்லை.

பதிப்பகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பல்வலியோடு போய், வாசலில் ‘பல் மறுத்துவர்’ என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்து அந்த மருத்துவரோடு அரைமணி நேரம் வாதாடிவிட்டு, வீங்கிய கன்னத்தோடு அப்படியே திரும்பி வந்தவர் அவர். நிச்சயம் ஆன புதிதில் மனைவி அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். இரண்டு பக்கம். நான்காம் நாள் அது அவளுக்கே திரும்பி வந்தது. பதினேழு இடத்தில் சிவப்பு மை. அடியில் ஒரு குறிப்பு: ‘கருத்து நன்று. ஒற்று கவனிக்கவும்.’

அதற்குப் பிறகு இருபத்தாறு வருடமாக அவள் அவருக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. கடையில் வாங்க வேண்டிய சாமான்களைக்கூட வாயால்தான் சொல்வாள்.

அன்று காலையில் காரில் ஏறும்போது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். எதையும் திருத்தாதீங்க.”

“நான் எங்க...”

“போர்டு, பலகை, நோட்டீஸ் எதுவும் வேண்டாம். ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. தொட்டீங்கன்னா திரும்பி வரும்போது நான் தம்பி வீட்டுல இறங்கிக்குவேன். ரெண்டு நாளைக்கு இல்ல, மொத்தமா.”

ஓட்டுநர் இருக்கையில் இருந்த தம்பி, “வா அக்கா, மாடி ரூம் காலியாத்தான் இருக்கு” என்றான். அவன் அதை வேடிக்கையாகச் சொன்னானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் முகத்தில் வேடிக்கை இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

“சத்தியமாத் தொட மாட்டேன்” என்று பிழையார் சொல்லியிருந்தார்.

சொன்னபடிதான் இருந்தார், இந்தச் சுவரைப் பார்க்கும்வரை. இந்த ஊர் சுவரோவியங்களுக்குப் பேர்போனது. எங்கிருந்தெல்லாமோ வண்டி வைத்துக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். வீடு, கடை, மாட்டுக் கொட்டகை என்று எந்தச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வீட்டுச் சுவர் முழுக்க ஒரு கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் முப்பத்திரண்டு பல்லும் வேரோடு இருந்தன. அடுத்ததில் ஒரு சைக்கிள். கம்பி கம்பியாக, ஒரு நட்டுகூட விடாமல். இன்னொன்றில் மழை மேகம். கூடவே அம்புக்குறி போட்டுக் காற்றின் திசை.

“பாருங்க, எவ்வளவு ஈடுபாட்டோட வரைஞ்சிருக்காங்க!” என்று மனைவி பூரித்தாள்.

“ம்” என்றார் பிழையார். அவர் கண் ஓவியங்களுக்குக் கீழே எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் இல்லை. கடைசியில் இந்தத் தெருமுனையில் இருந்தது. டீக்கடையை ஒட்டிய சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பூனை ஒன்று கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் ‘சுவற்றில்’.

கிணறு என்றால் கிணற்றில். ஆறு என்றால் ஆற்றில். சுவர் என்ன சுவறா? சுவரில் என்று எழுத யாருக்கு என்ன கஷ்டம்? மனைவி அந்தப் பக்கம் நகர்ந்த உடனே அவர் விரல் தானாக நீண்டுவிட்டது.

“என்ன சார், கையில கறை?”

பிழையார் துள்ளிவிட்டார். டீக்கடைக்காரம்மா கண்ணாடி டம்ளரைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

“ஒண்ணுமில்லம்மா. தூசி.”

“வெளியூர்லேருந்து வந்திருக்கீங்க, கறையோடவா போவீங்க? இருங்க” என்று உள்ளே போனவள், ஒரு வாளி தண்ணீரும் ஈரத்துணியும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டார் பிழையார். துணியைப் பிழிந்து, அந்த ஒரு எழுத்தின்மேல் மட்டும் மெல்ல ஒற்றினார். ‘ற’ போயிற்று. கூடவே பக்கத்தில் இருந்த ‘றில்’லும் போயிற்று. சரி, அதுவும் போக வேண்டியதுதானே என்று இன்னும் கொஞ்சம் துடைத்தார். ‘சுவ’ போயிற்று. தண்ணீர் கறுப்பாகச் சொட்டியது. சொட்டியதைத் துடைத்தபோது முழங்கை பட்டு ‘தீர்கள்’ மறைந்தது.

கடைசியில் சுவரில் மிஞ்சியது இரண்டே சொல்: ‘இந்தச் சாயா’.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள். தொப்பி போட்ட ஒரு சுற்றுலாக்காரர்.

“ஓ, இந்தச் சாயாதானா?” என்று சுவரைப் பார்த்துவிட்டுக் கடைப்பக்கம் திரும்பினார். “அம்மா, ரெண்டு சாயா!”

“இதோ வந்துட்டேன்!” டீக்கடைக்காரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “இத்தனை வருஷமா இந்தக் கடைக்கு ஒரு போர்டு இல்ல சார். உங்க கை ராசியான கை.”

பிழையார் அந்த இரண்டு சொல்லையும் வெறித்துப் பார்த்தார். அதில் பிழை ஏதும் இல்லை என்பதுதான் அவரை இன்னும் நோகடித்தது. ஒற்றுகூடச் சரியாக மிகுந்திருந்தது.

மனைவி வந்தால் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரு வாசகத்தைத் திருத்தினேன் என்றாவது சொல்லலாம். ஒரு வாசகத்தை டீக்கடை விளம்பரமாக மாற்றிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? பழையபடி முழுதாக எழுதி வைத்துவிட வேண்டியதுதான். திருத்திய வடிவத்தில்.

“ஏம்மா, கொஞ்சம் கறுப்புப் பெயின்ட் கிடைக்குமா?”

“கறுப்பு இல்ல சார். நீலம் இருக்கு.”

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு டப்பா வந்தது. மூடிகூடத் திறக்காத புது டப்பா. அதன்மேல் ஒரு பிரஷ், அதுவும் புதுசு. டீக்கடையில் நீலப் பெயின்ட் எதற்கு என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

முதலில் அந்த ‘இந்தச் சாயா’வை மறைக்க வேண்டும். ஒரு தீற்றுத் தீற்றினார். கறுப்பு லேசாகத் தெரிந்தது. இன்னொரு தீற்று. பெயின்ட் அதிகமாகி, கோடு கோடாக வழிந்தது. வழிந்ததைச் சேர்த்து இழுத்து ஒரு பட்டையாக்கினார். பட்டை ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து இருந்தது. மெலிந்த பக்கத்தைத் தடிப்பாக்கினார். இப்போது மறுபக்கம் மெலிந்து தெரிந்தது. இப்படியே சமப்படுத்திச் சமப்படுத்தி, நீலம் மேலே மேலே ஏறிப் பூனையின் காலைத் தொட்டு, வயிற்றை எட்டி, அரைப் பூனையை விழுங்கிவிட்டது. அவருடைய சட்டையிலும் மூக்கிலும் நீலம்.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருமுனையில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. கையடக்கமான ஒலிபெருக்கியை வாயருகே பிடித்தபடி ஒரு வழிகாட்டிப் பெண், இருபது பேரைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தாள். பிரஷ்ஷோடு நின்ற பிழையாரைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது.

“நமக்கெல்லாம் இன்னைக்கு அதிர்ஷ்டம்! ஓவியரே வேலையில இருக்கார்!”

இருபது கைபேசிகள் உயர்ந்தன. பிழையார் பிரஷ்ஷைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது முதுகிலும் நீலம் போட்டது.

“சார், பூனை ஏன் தண்ணியில படுத்துத் தூங்குது?” என்று தொப்பிக்காரர் டீயை உறிஞ்சியபடி கேட்டார்.

“அது தண்ணி இல்லைங்க.”

“பின்ன?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். “பிழை” என்று வந்துவிட்டது.

வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியை உயர்த்தினாள். “கேட்டீங்களா? பிழை! பூனை எதுல மூழ்கிக்கிட்டிருக்கு? தன்னோட பிழையில. கண்ணைத் திறக்குதா? திறக்கலை. இது பூனையா? இல்லை, நாம!”

கூட்டத்தில் ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினார். அவருடைய கணவர், “நீதான், நீதான்” என்று மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார்.

“இங்க ஏதோ எழுத்து இருந்த மாதிரி இருக்கே?” என்றார் கண்ணாடி போட்ட ஒருவர், சுவரில் மூக்கு உரசும்படி குனிந்து.

“சொல்லை அழிச்சாத்தான் ஓவியம் பிறக்கும்னு சார் சொல்றார்” என்றாள் வழிகாட்டி. சார் வாயையே திறக்கவில்லை.

கைதட்டினார்கள். முப்பது வருடத்தில் பிழையாருக்காக யாரும் கைதட்டியதில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்கு அது பிடித்திருந்தது.

கைதட்டல் கேட்டு ஊர்த் தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, முகத்தில் மூன்று ஊருக்குத் தேவையான சிரிப்பு.

“வந்துட்டீங்களா! காலையிலேருந்து உங்களுக்காகத்தான் கண்ணு பூத்துப்போய்க் காத்திருக்கோம்.”

“எனக்காகவா?”

“ஓவியருக்காகத்தான். டவுன்லேருந்து ஒருத்தர் வர்றதாச் சொன்னாங்க. நீங்க என்னடான்னா வந்த கையோட வேலையையே ஆரம்பிச்சுட்டீங்க. எதிர்ச் சுவரைப் பார்த்தீங்களா? வெறுஞ்சுவரா மொழுமொழுன்னு நிக்குது. நாலு மணிக்கு அதிகாரிங்க பார்வையிட வர்றாங்க.”

உண்மையைச் சொல்லிவிடத்தான் பிழையார் வாயைத் திறந்தார். நான் ஓவியன் இல்லை, ஓர் எழுத்தைச் சரிசெய்ய வந்து உங்கள் பூனையை மூழ்கடித்துவிட்டேன் என்று. அப்போதுதான் தலைவரின் தோளுக்குப் பின்னால் மரத்தில் அறைந்திருந்த தகரப் பலகை கண்ணில் பட்டது.

‘ஓவியங்களைச் சேதப்படுத்துவோர் காவல் துறையிடம் ஒப்படைக்கப்படுவர்.’

வழக்கம்போல முதலில் பிழை தேடினார். ‘ஓவியங்களை’க்குப் பிறகு ‘ச்’ இருந்தது. ‘துறை’யில் வல்லின ‘றை’ இருந்தது. மறுபடி படித்தார். மூன்றாம் முறையும் படித்தார். ஒரு குறையும் இல்லை. இவ்வளவு ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் சொன்னதைச் செய்தே தீருவார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, பிழையில்லாத ஒரு வாக்கியத்தைப் பார்த்து அவருக்கு உள்ளங்கை வேர்த்தது.

“என்ன சார், அப்படியே நின்னுட்டீங்க?”

“கற்பனை ஓடுது தலைவரே, பேசாதீங்க” என்று வழிகாட்டி உதட்டில் விரல் வைத்தாள்.

“என்ன வரையறதா உத்தேசம்?”

“யோசிச்சுத்தான் சொல்லணும்” என்றார் பிழையார் ஈனக் குரலில்.

“தாராளமா யோசிங்க. ஏணியில ஏறி நின்னே யோசிங்க.”

ஏணி வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை. அவர் திரும்பியபோது சுவரில் சாய்ந்து நின்றது. எட்டு வண்ணத்தில் எட்டு டப்பா வரிசையாக வந்து உட்கார்ந்தது. கூட்டம் அரைவட்டமாகத் தரையில் அமர்ந்துவிட்டது. டீக்கடைக்காரம்மா அவர் கையில் ஒரு டீயைத் திணித்து, “குடிச்சிட்டு ஏறுங்க, தெம்பா இருக்கும்” என்றாள்.

ஏணியின் ஐந்தாவது படியில், ஒரு வீட்டு அகலத்துக்கு விரிந்த வெள்ளைச் சுவருக்கு எதிரே நின்றபோது பிழையாருக்குப் புரிந்தது: அவர் வாழ்நாளில் எதையும் புதிதாகப் போட்டதில்லை. மற்றவர்கள் போட்டதில் இருந்து எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். எடுக்க இங்கே ஒன்றுமே இல்லை. ஓரமாக ஒரு கறையாவது இருந்தால் அதைத் துடைத்துக்கொண்டு நாலு மணிவரை ஓட்டலாம். அதுவும் இல்லை.

கை பிரஷ்ஷைத் தூக்கியது. தெரிந்த ஒன்றைத்தான் அது போட்டது. வேண்டாத எழுத்தை நீக்குவதற்காகப் பக்க ஓரத்தில் போடுகிற சுழி. பேனாவில் அரிசியளவு இருக்கும். பிரஷ்ஷில் அது அண்டாவளவு வந்தது.

“பாம்பு” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“ஜிலேபியா இருக்கும்.”

“யாரோ பொம்பளையோட கொண்டை மாதிரில்ல இருக்கு?” என்றாள் டீக்கடைக்காரம்மா.

பிழையார் பிடித்துக்கொண்டார். கொண்டை! கொண்டை என்றால் கீழே ஒரு முகம் வேண்டும். முகம் என்றால் அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது. இருபத்தாறு வருடமாகத் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம்.

வட்டமாக ஒன்று போட்டார். அது முட்டையாக வந்தது. கண் இரண்டு போட்டார். ஒன்று அவரைப் பார்த்தது, மற்றது டீக்கடையைப் பார்த்தது. மூக்கு வந்தது, வந்த வேகத்தில் வலது பக்கம் திரும்பிக்கொண்டது. அதையெல்லாம் விட்டுவிடலாம். அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. அதை வைத்துவிட்டால் அவள்தான் என்று அடையாளம் வந்துவிடும்.

பிரஷ் அந்தரத்தில் நின்றது.

மச்சம் எந்தக் கன்னத்தில்?

இடது கன்னமா? வலதா? கண்ணை மூடிப் பார்த்தார். அவளுடைய அந்த முதல் கடிதத்தில் இரண்டாம் பக்கம் ஆறாவது வரியில் ‘எதிர்ப்பார்க்கிறேன்’ என்று தேவையில்லாத ‘ப்’ இருந்தது நினைவில் இருந்தது. எதை எதிர்பார்க்கிறாள் என்று எழுதியிருந்தாள் என்பது நினைவில் இல்லை. மச்சமும் நினைவில் இல்லை.

கீழே இருபது பேர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழையார் இடது கன்னத்தில் ஒரு மச்சம் வைத்தார். சந்தேகமாக இருந்தது. வலது கன்னத்திலும் ஒன்று வைத்தார்.

“என்னங்க!”

அந்தக் குரலை மட்டும் அவருக்கு எங்கேயும் தெரியும். ஏணி ஒரு ஆட்டம் ஆடியது.

மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கீழே நின்றிருந்தாள். பக்கத்தில் மைத்துனன், வாயைப் பிளந்தபடி கைபேசியை உயர்த்தினான். “அத்தான், அப்படியே நில்லுங்க, அசையாதீங்க. நீல மூக்கு அருமையா விழுது.”

“சும்மா இருடா.” அவள் சுவரை மேலிருந்து கீழே பார்த்தாள். “என்ன பண்றீங்க நீங்க?”

“வரையறேன்.”

“நீங்களா?”

“ம்.”

“யாரு இது, ரெண்டு கன்னத்துலயும் மச்சத்தோட?”

ஏணியில் நின்றுகொண்டு ஓடவும் முடியாது.

“நீதான்.”

கூட்டம் மொத்தமும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது. தொப்பிக்காரர் அனுதாபத்தோடு தொப்பியைக் கழற்றினார்.

அவள் எதிர்ப்பக்கம் திரும்பி, நீலத்தில் மூழ்கிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்தாள். அதற்கு அடியில் கறுப்பு நீர் நிறைந்த வாளி. ஈரத்துணி. எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருட அனுபவம்.

“அங்க ஏதோ எழுதியிருந்துச்சு, இல்ல?”

“சுவற்றில்னு இருந்துச்சு. ஒரே ஒரு ‘ற்’தான்...”

“காலையில என்ன சொன்னேன்?”

“புள்ளியைக்கூடத் தொடாதீங்கன்னு.”

“முதல்ல எதைத் தொட்டீங்க?”

“புள்ளியைத்தான்” என்றார் பிழையார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபமா, வேறு ஏதாவதா என்று மேலிருந்து பார்க்கத் தெரியவில்லை. பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“இறங்குங்க.”

இறங்கினார். அவள் டப்பாக்களை ஒரு முறை நோட்டம் விட்டாள். வேறொன்றையும் எடுக்கவில்லை, நேராகச் சிவப்பை எடுத்தாள். ஏணியில் ஏறினாள்.

“மச்சம் கன்னத்துல இல்ல. தாடைக்குக் கீழே.” இரண்டு மச்சத்தின்மேலும் இரண்டு சிவப்புக் கோடு விழுந்தது. “இது என்ன, மூக்கா? நான் என்ன திருப்பத்துலயா மூக்கை விட்டுட்டு வந்தேன்?” ஒரு சிவப்பு வட்டம். “காது ஒண்ணைக் காணோம்.”

“கொண்டை மறைக்குதுன்னு...”

“கொண்டை போட்டு இருபது வருஷம் ஆச்சு. என் தலைமுடியைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?”

கூட்டம் ‘ஹோ’ என்று சிரித்தது. பிழையார் டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஏணியின் அடியில் நின்றார். ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் வாதாட அவர் வாய் திறந்தது. ஒவ்வொரு முறையும் மேலே பார்த்தார். அவளுடைய நிஜ முகம் அங்கே இருந்தது, தாடைக்குக் கீழே மச்சத்தோடு. அவள் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது.

“சரிதான்” என்றார். அந்தச் சொல்லை அவர் பேனாவால் எழுதியதுண்டு. வாயால் அவளிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

“என்ன சொன்னீங்க?”

“சரிதான்னேன். நீ போடுறதுதான் சரி.”

அவள் பிரஷ்ஷை நிறுத்தி, குனிந்து அவரைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பிழையார் யோசித்தார். பெண் பார்க்கப் போன அன்று பார்த்தது.

அதற்குப் பிறகு இருவருமாகத்தான் வரைந்தார்கள். அவள் சொல்ல அவர் போட்டார். அவர் போட அவள் அடித்தாள். அடித்ததையும் அழிக்காமல் அப்படியே விட்டார்கள். மதியச் சாப்பாட்டை டீக்கடைக்காரம்மாவே கொண்டுவந்து கொடுத்தாள். மாலை வெயில் சாயும்போது சுவர் முழுக்க ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிச் சுழியும் கோடும் வட்டமுமாகச் சிவப்புத் திருத்தங்கள். வழிகாட்டிப் பெண் அடுத்தடுத்து மூன்று கூட்டத்துக்கு அதை மூன்று விதமாக விளக்கினாள். மூன்றுக்கும் கைதட்டல் விழுந்தது.

நாலு மணி தாண்டியும் அதிகாரிகள் வரவில்லை. “இன்னைக்கு வரலையாம். அவங்க எப்பவும் அப்படித்தான்” என்று தலைவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டார்.

கிளம்பும்போது மைத்துனன் கார்ச் சாவியைச் சுழற்றினான். “என்ன அக்கா, மாடி ரூமுக்கா?”

“வாயை மூடிக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு விடு” என்றாள் அவள். பிறகு கணவரின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். “ஆனா போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. நிஜமான ஓவியர் வந்து நின்னா அந்த ஆளு வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்.”

“போலீஸ்ல குடுத்துட்டா?”

“நானும் கூட வர்றேன்.”

இருவரும் டீக்கடைக்குத் திரும்பிப் போனார்கள். தலைவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியை மடியில் வைத்துக்கொண்டு களைப்போடு கால் நீட்டியிருந்தாள். டீக்கடைக்காரம்மா அடுப்பருகே நின்றாள்.

பிழையார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “தலைவரே, ஒண்ணு சொல்லணும். நான் ஓவியன் இல்லை.”

தலைவர் டம்ளரை இறக்கவில்லை.

“பதிப்பகத்துல பிழை பார்க்குறவன். உங்க பூனைக்குக் கீழே ஒரு எழுத்து தப்பா இருந்துச்சு. திருத்தப் போனேன். அது எங்கெங்கேயோ போய் இப்படி ஆயிடுச்சு. எல்லாத் தப்பும் என் மேலதான். டவுன்லேருந்து வர்றதா இருந்த ஓவியர் வந்தார்னா, அவரோட சுவரைக் கெடுத்ததுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க.”

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. தலைவர் வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டி தரையைப் பார்த்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. தலைவர் டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டார்.

டீக்கடைக்காரம்மாதான் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

“எந்த ஓவியரு சார்? இந்த ஊருக்கு இதுவரைக்கும் ஓவியர்னு ஒருத்தர்கூட வந்ததில்ல. நாற்பத்திரண்டு சுவரும் உங்களை மாதிரி தப்பைத் திருத்த வந்தவங்க வரைஞ்சு குடுத்துட்டுப் போனதுதான்.”